கண் மயஸ்தீனியா: ஆயுர்வேதம் எங்கே துணை, எங்கே ஆகாது

காலையில் எழுந்து முகம் கழுவும்போது இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருக்கும். மதியச் சாப்பாடு முடிவதற்குள் ஒரு பக்க இமை லேசாக இறங்கத் தொடங்கும். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் வருகிற பேருந்து இரண்டாகத் தெரியும். இரவு தூங்கி எழுந்தால் மறுபடி சரி. இப்படி நாளோடு சேர்ந்து கூடிக் குறையும் தொல்லை என்றால் டாக்டர்களுக்கு முதலில் தோன்றுவது மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வரும் நோய் அது. கண்ணோடு நின்றிருந்தால் கண் மயஸ்தீனியா என்பார்கள்.

இது நீண்ட நாள் நோய். மாத்திரை உண்டு, பலனும் உண்டு. ஆனால் பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு என்ற பேச்சை எடுத்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பயம் வந்துவிடும். 'ஆயுர்வேதம் பார்க்கலாமே, கேரளாவுக்கு ஒருமுறை போய்வரலாமே' என்று யாராவது சொல்வார்கள். அந்த யோசனை தப்பில்லை. ஆனால் போவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக 'வாத நோய்' என்று வைத்துக்கொண்டு செய்யும் சில சிகிச்சைகள், குறிப்பாகச் சூடு கொடுப்பதும் பேதிக்குக் கொடுப்பதும், இந்த நோயில் எதிராகத் திரும்பும். வேறு சில சிகிச்சைகள் உண்மையிலேயே இதம் தரும். எது எது என்று பிரித்துப் பார்க்க நோயின் அடிப்படை கொஞ்சம் புரிந்திருந்தால் போதும்.

கோளாறு எங்கே இருக்கிறது

கண்ணின் உள்ளே எந்தக் குறையும் இருக்காது. லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு எல்லாம் ஒழுங்காக இருக்கும். இமையைத் தூக்கும் தசையிலும், அந்தத் தசைக்கு வரும் நரம்பிலும்கூடப் பழுதில்லை. இரண்டும் சந்திக்கும் மிகச் சிறிய இடைவெளியில்தான் சிக்கல்.

நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. அது இடைவெளியைக் கடந்து தசையின் மேலிருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டினால் தசை சுருங்கும். மயஸ்தீனியாவில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னுடைய ஏற்பிகளையே அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. ஏற்பிகள் அடைபடுகின்றன, அழிகின்றன. 1973-ல் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மின்விலாங்கு மீனிலிருந்து பிரித்தெடுத்த இந்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். எதிர்ப்பொருள் தயாரிப்பதுதான் அவர்கள் நோக்கம். முயல்களோ தளர்ந்து விழுந்தன. மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் எழுந்தன. இந்த நோய் எப்படி வருகிறது என்பதற்கு வலுவான சான்று அப்படித்தான் கிடைத்தது.

சரி, காலையில் நன்றாக இருந்த கண் மாலையில் ஏன் தளர்கிறது? ஒரு தசையைத் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒவ்வொரு முறையும் சுரக்கும் அசிட்டைல்கோலின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எல்லோருக்கும் அப்படித்தான். ஏற்பிகள் ஏராளமாக இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக வரும்போது கடைமடைக்கும் குறைவிருக்காது, வரத்து குறைந்தால் முதலில் வாடுவது கடைமடை வயல். ஏற்பிகள் குறைந்துபோன உடம்பில் அந்தக் கடைமடையாக இருப்பவை கண் தசைகள். அவை ஓயாமல், வேகமாக இயங்குபவை. தவிர, கையில் கொஞ்சம் பலம் குறைந்தால் நாம் கவனிக்கவே மாட்டோம். கண் தசையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் உருவம் இரண்டாகிவிடும்.

மயஸ்தீனியா வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் அறிகுறி கண்ணில்தான். அப்படிக் கண்ணில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள், அது மெல்லுதல், விழுங்குதல், பேச்சு, கை கால் என்று பரவுகிறது. 'கண்தானே' என்று அலட்சியமாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஐஸ் கட்டிச் சோதனை

இந்த நோயைக் கண்டறியும் வழிகளில் எளியது ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பின்னால் ஆயுர்வேதச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

டாக்டர் முதலில் உங்களை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார். ஒன்றிரண்டு நிமிடம் மேலேயே பார்த்தால் இமை தானாகக் கீழே வழியும். அதன் உயரத்தைச் சிறு அளவுகோலால் அளந்துகொள்வார். பிறகு ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, மூடிய இமையின் மேல் 2 நிமிடம் வைப்பார். எடுத்ததும் கண்ணைத் திறக்கச் சொல்லி மறுபடி அளப்பார். இமை 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால் மயஸ்தீனியாவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். குளிர்ச்சியில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் வேகம் குறைகிறது, இருக்கும் பொருள் கொஞ்சம் கூடுதல் நேரம் வேலை செய்கிறது. சூட்டில் இதற்கு நேர்மாறாக நடக்கும். வெயிலில் நடந்து வந்தாலோ, வெந்நீரில் தலை முழுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ இமை மேலும் இறங்கும்.

ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் நோய் கண்ணோடு நிற்பவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ரத்தத்தில் அது தென்படாது. அதனால் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வந்ததை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒற்றைத் தசைநார் மின்சோதனை இன்னும் நுட்பமாகக் காட்டும். நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மயஸ்தீனியா உள்ளவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு அது இருக்கும். எந்த வைத்தியம் பார்ப்பதாக இருந்தாலும் இந்த ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. மயஸ்தீனியாவில் கண்மணி பாதிக்கப்படாது. இமை திடீரென்று இறங்கி, அந்தக் கண்ணின் கண்மணி மட்டும் பெரிதாக விரிந்து, தலைவலியும் இருந்தால் அது மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். அன்றே, அந்த மணியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைலம், நெய் என்று ஒரு நாள்கூடக் கழிக்கக் கூடாது.

நவீன மருந்து

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1934-ல் லண்டன் கிரீனிச்சில் இருந்த செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற டாக்டர், மயஸ்தீனியா நோயாளி ஒருவருக்கு ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தளர்ச்சி விலகியது. மருந்து எடுக்கப்பட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரைக் கொட்டையிலிருந்து. இன்று நாம் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் அதே வேலையைச் செய்வது. சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணியில் வேலை செய்யத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். இமையைத் தூக்குவதில் காட்டும் பலனை இரட்டைப் பார்வையில் பெரும்பாலும் காட்டாது. அதற்குத்தான் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுகிறார்கள். நீண்ட காலத்துக்கு ஸ்டீராய்டைக் குறைக்க அசதயோபிரின் சேர்ப்பதும் உண்டு. அது முழு வேலை செய்யப் பல மாதம் ஆகும்.

கண் மயஸ்தீனியாவில் ஸ்டீராய்டை, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் 11 பேர்தான். ஸ்டீராய்டு எடுத்த 6 பேரில் 5 பேருக்குக் குணம் தெரிந்தது, போலி மாத்திரை எடுத்த 5 பேரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வு, ஆனால் முடிவு தெளிவு. ஆயுர்வேதத்தில் இந்த அளவுக்குக்கூட ஓர் ஒப்பீட்டு ஆய்வைக் காட்ட முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

சுஸ்ருதர் என்ன சொல்கிறார்

பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் என்ற பகுதி கண் நோய்களை 76 என்று கணக்கிடுகிறது. அவற்றில் 21 இமையில் வருபவை. அந்த 21-ல் ஒன்று வாதஹத வர்த்மம். வாதத்தால் அடிபட்டு, பிடிப்பு தளர்ந்து, அசைவற்றுப்போன இமை என்பது அதன் விவரிப்பு. வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறார். இமை தொங்கியோ சரியாக மூடாமலோ வருபவர்களை இன்றைய ஆயுர்வேத டாக்டர்கள் பெரும்பாலும் இந்தத் தலைப்பின் கீழ்தான் பார்க்கிறார்கள். முக நரம்பு வாதம், பிறவியிலேயே இமை தொங்குவது, வயதால் தொங்குவது, மயஸ்தீனியா என்று காரணம் வேறு வேறாக இருந்தாலும் எல்லாமே இந்த ஒரு பெயருக்குள் வந்துவிடும். அதனால் 'இதே நோய்க்கு ஒருவருக்குக் குணமானது' என்று கேள்விப்பட்டால், அவருக்கு இருந்தது மயஸ்தீனியாதானா என்று கேளுங்கள். முக வாதம் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும்.

அதே உத்தர தந்திரத்தின் முதல் அத்தியாயத்தில் சுஸ்ருதர் வாதத்தால் வரும் கண் நோய்களில் குணமாகாதவை என்று நான்கைப் பட்டியலிடுகிறார். ஹதாதிமந்தம், நிமிஷம், கம்பீரிகை, கடைசியாக வாதஹத வர்த்மம். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஆசிரியர் மேல் மதிப்பு கூடியது. தன் கையில் இருந்த மருந்துகளின் எல்லை அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதை எழுதியும் வைத்திருக்கிறார். 'முழுக் குணம் உறுதி' என்று பலகை வைப்பவர்கள் சுஸ்ருதரே சொல்லாததைச் சொல்கிறார்கள். நோயைப் போக்கும் சிகிச்சையாக எடுத்துக்கொள்ளாமல், நோயோடு வாழும் கண்ணுக்கு ஆறுதலாக எடுத்துக்கொண்டால் ஆயுர்வேதத்துக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது என்பது என் கருத்து.

தர்ப்பணம்: கண்ணுக்கு நெய்

கண்ணுக்கு நேரடியாகச் செய்யும் சிகிச்சைகளை ஆயுர்வேதம் கிரியாகல்பம் என்கிறது. சுஸ்ருதர் ஐந்து சொன்னார், பின்னால் வந்த சாரங்கதரர் ஏழாக்கினார். கண் மயஸ்தீனியாவோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைப்பது தர்ப்பணம்.

உங்களைக் காற்று வீசாத, வெயில் விழாத அறையில் மல்லாந்து படுக்க வைப்பார்கள். உளுந்து மாவை நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, கண்குழியைச் சுற்றி இரண்டு விரற்கடை உயரத்துக்கு வரப்புபோல் ஒட்டுவார்கள். நெய் எங்கும் கசியாதபடி விரலால் ஓரமெல்லாம் அழுத்திவிடுவார்கள். மருந்து சேர்த்துக் காய்ச்சிய நெய்யை, பெரும்பாலும் திரிபலா சேர்ந்ததை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, கையில் விட்டுச் சூடு பார்த்து, மூடிய கண்ணின் மேல் இமை முடி மூழ்கும்வரை ஊற்றுவார்கள். அப்புறம் மெதுவாகக் கண்ணைத் திறந்து மூடச் சொல்வார்கள். எல்லாம் மஞ்சளாக, கலங்கலாகத் தெரியும். எரிச்சல் இருக்காது, இருக்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்பதற்கும் கணக்கு உண்டு. இமை நோய் என்றால் 100 மாத்திரை நேரம், உள்ளே போகப் போகக் கூடும் என்கிறார் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் வாக்படர். மாத்திரை என்பது ஒருமுறை கண் இமைக்கும் நேரம். முடிந்ததும் வெளி ஓரத்தில் மாவில் துளை போட்டு நெய்யை வடிப்பார்கள்.

தர்ப்பணம் யாருக்கு என்று வாக்படர் அடுக்கும்போது வறண்ட கண், களைத்த கண் என்பவற்றோடு, திறக்கச் சிரமப்படும் கண்ணையும் சேர்த்திருக்கிறார். இதைப் படிக்கும் மயஸ்தீனியா நோயாளிக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பு. ஆனால் நெய் இமையைத் தூக்கும் தசையின் ஏற்பிகளைத் திருப்பித் தராது. அது தருவது ஈரமும் இதமும். இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டிக்கொள்பவர்களுக்கும், இமையைத் தாங்கும் கம்பி வைத்த கண்ணாடி போடுபவர்களுக்கும் கண் சரியாக மூடாமல் காய்ந்துபோகும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும். அந்த வறட்சிக்கு நெய் நல்ல ஆறுதல். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கும் ஓய்வும் சேர்ந்துகொள்கிறது. சிகிச்சை முடிந்து எழும்போது இமை கொஞ்சம் உயர்ந்திருந்தால் அதில் பெரும்பங்கு ஓய்வினுடையதுதான்.

சுத்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டோ அசதயோபிரினோ எடுப்பவருக்குக் கண்ணில் தொற்று எளிதில் வரும், வந்தால் கடுமையாக இருக்கும். நெய் உங்களுக்கென்று புதிதாகத் திறந்ததா, மாவு அன்று பிசைந்ததா, ஒருவருக்கு ஊற்றியதை இன்னொருவருக்கு ஊற்றவில்லையா என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். கண் சிவந்திருந்தாலோ பீளை தள்ளினாலோ அன்று வேண்டாம். முடிந்த பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது.

சூடு ஆகாது, பேதி ஆகாது

வாதம் என்றதும் எண்ணெய் தேய்த்து வேது பிடிப்பதுதான் ஆயுர்வேத வழக்கம். முட்டிவலிக்கு அது அருமையான சிகிச்சை. மயஸ்தீனியாவில்தான் இடிக்கிறது. ஐஸ் வைத்தால் உயரும் இமை, ஆவி பிடித்தால் இறங்கும். நீராவிப் பெட்டியில் உட்காருவது, சூடான கிழி ஒத்தடம், முகத்துக்கு ஆவி எல்லாமே தளர்ச்சியைக் கூட்டக்கூடியவை. கண்ணோடு நிற்கும் நோயில் அன்றைக்கு ஒரு நாள் சிரமம். பரவத் தொடங்கியிருந்தால் ஆபத்து.

இன்னொரு பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகரும் இதில் கவனமாகத்தான் இருந்தார். வேது கொடுப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் விரை, இதயம், கண் மூன்றுக்கும் மென்மையாகக் கொடு, அல்லது கொடுக்கவே கொடுக்காதே என்று எழுதியிருக்கிறார். உடம்புக்கு வேது கொடுக்கும்போதுகூடக் கண்ணைச் சுத்தமான துணியாலோ, கோதுமை மாவு உருண்டையாலோ, தாமரை இதழாலோ மூடச் சொல்கிறார். உங்கள் வைத்தியரிடம் சூடு வேண்டாம் என்று கேட்பது அவருடைய சாஸ்திரத்துக்கு எதிரான பேச்சு ஆகாது.

பஞ்சகர்மத்தில் வரும் வாந்தி, பேதி சிகிச்சைகளையும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பேதியில் நீரோடு பொட்டாசியமும் போகும், பொட்டாசியம் குறைந்தால் தசை இன்னும் தளரும். பைரிடோஸ்டிக்மின் ஏற்கெனவே பலருக்கு வயிற்றை இளக்கிவிடும் மருந்து. அதோடு இரவில் திரிபலா சூரணமும் சேர்ந்தால் காலையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூக்கில் தைலம் விடும் நஸ்யம் கண்ணோடு மட்டும் நிற்பவருக்குப் பெரிய கெடுதல் இல்லை. தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறவர்களுக்கு வேண்டாம், தைலம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம்.

கண் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்குச் சுடரை இமைக்காமல் பார்க்கும் திராடகம், கண்ணை மேலும் கீழும் சுழற்றுவது என்று நல்ல மனதோடு பலர் சொல்லிக்கொடுப்பார்கள். விட்டத்தைப் பார்க்கச் சொல்லி இமையைச் சோர வைப்பதுதான் இந்த நோய்க்கான சோதனையே. அதையே தினமும் பயிற்சியாகச் செய்தால் கண் களைப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இந்தத் தசைக்கு வேண்டியது ஓய்வு.

உள்ளே சாப்பிடும் மருந்துகள்

இங்கேதான் அதிகக் கவனம் தேவை என்று நினைக்கிறேன். வெளிப்பூச்சில் தப்பு நடந்தால் கழுவிவிடலாம்.

அதிமதுரம் கண்ணுக்கு நல்லது என்று பல ஆயுர்வேத மருந்துக் கலவைகளில் சேரும். அதிலுள்ள கிளிசிரைசின் பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரெட்னிசலோனும் அதையே செய்வது. இரண்டும் சேரும்போது தசைக்கு இரட்டை அடி. தொண்டைக்கு எப்போதாவது ஒரு துண்டு கடிப்பதைச் சொல்லவில்லை, மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுவதைச் சொல்கிறேன்.

அமுக்கரா, சீந்தில் இரண்டும் 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' என்ற பெயரில் விற்கின்றன. எதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே தாக்குவதுதான் இந்த நோய், அதை அடக்கத்தான் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். தூண்டிவிடும் மருந்தை அதோடு சேர்ப்பதில் நியாயமில்லை. சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படி இருந்தாலும், அசதயோபிரின் எடுப்பவரின் ஈரலுக்கு இன்னொரு சுமை வேண்டாம். அமுக்கரா தைராய்டு அளவையும் மாற்றக்கூடும். மயஸ்தீனியா உள்ளவர்களில் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிட அதிகம்.

லேகியம் என்றால் வெல்லமோ சர்க்கரையோ தாராளமாக இருக்கும். ஸ்டீராய்டால் ரத்தச் சர்க்கரை ஏறுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அரிஷ்டங்களில் புளிக்கும்போது தானாக உருவாகும் ஆல்கஹால் உண்டு. பாதரசம் போன்ற உலோகம் சேர்ந்த ரச மருந்துகளை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஈயம் நரம்பைக் கெடுப்பது. லேபிளில் உட்கூறுகள் அச்சிடப்படாத பொட்டலத்தை, எவ்வளவு பெரிய வைத்தியர் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

க்ஷீரபலா தைலத்தைப் பற்றி ஒரு சுவையான சங்கதி. பாலும் நல்லெண்ணெயும் பலா என்ற மூலிகையும் (பலாப்பழ மரம் வேறு) சேர்த்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது அது. பலா என்று சொல்லப்படும் செடிகளில் ஒன்றான சிடா கார்டிஃபோலியாவில் எஃபெட்ரின் இருக்கிறது. தானே மயஸ்தீனியாவால் அவதிப்பட்ட ஹேரியட் எட்ஜ்வொர்த் என்ற அமெரிக்கப் பெண், எஃபெட்ரின் தனக்குப் பலம் தந்ததை 1930-ல் மருத்துவ இதழில் எழுதினார். மேரி வாக்கரின் ஊசிக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. பிறவியில் வரும் சில மயஸ்தீனியா வகைகளுக்கு எஃபெட்ரின் இன்றும் மருந்து. ஆகவே வாதத்துக்குப் பலாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதையோ கவனித்திருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. அதற்காகத் தலையில் தேய்க்கும் தைலம் மாத்திரைக்கு ஈடாகிவிடாது. உள்ளே சாப்பிட்டால் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் பொருள் அது. வெளியே தேய்த்துக்கொள்வதில் தடையில்லை.

வீட்டில் தினமும்

ஆயுர்வேதத்தில் நான் மனதாரப் பரிந்துரைப்பது அதன் அன்றாட ஒழுக்கங்களை. இரவு விழிப்பு வாதத்தைக் கூட்டும் என்கிறது ஆயுர்வேதம். தூக்கம் குறைந்தால் மயஸ்தீனியா மோசமாகும் என்று நரம்பியல் டாக்டரும் சொல்வார். படுக்கும் முன் பாதத்தில் எண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம். பாதத்தின் நடுவிலிருந்து கண்ணுக்கு இரண்டு நாளங்கள் போவதாக வாக்படர் எழுதியிருக்கிறார். இன்றைய உடற்கூறியலில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் யாராவது பத்து நிமிடம் பாதத்தைப் பிடித்துவிட்டால் தூக்கம் நன்றாக வரும், மறுநாள் காலை கண்ணுக்கு அது நல்லது.

எண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தால் விட வேண்டாம். சீயக்காய் அலசும் தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கட்டும். சித்திரை வெயிலில் மதியம் வெளியே போகாமல் இருப்பதும், நனைத்துப் பிழிந்த துணியைக் கண்மேல் சில நிமிடம் போட்டுக்கொள்வதும் செலவில்லாத வைத்தியம். நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றிக்கொள்வது நம் வீடுகளில் உண்டு. குளிர்ச்சிக்காக மூடிய கண்மேல் வைத்துக்கொள்ளலாம். பூச்சாறு, தேன், பன்னீர், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடக் கூடாது.

படிப்பு, தையல், கணக்கு எழுதுவது போன்ற கண் வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உருவம் இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டால் உடனே ஒன்றாகிவிடும், இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மறைக்கலாம்.

'குணமானது' என்ற கதைகள்

ஆயுர்வேத இதழ்களில் மயஸ்தீனியா பற்றி வருபவை பெரும்பாலும் ஒற்றை நோயாளியின் அனுபவக் குறிப்புகள். அவை பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த நோய் தானாகவே ஏறி இறங்குவது. சிலருக்கு எந்த மருந்தும் இல்லாமல் மாதக்கணக்கில் அடங்கியிருக்கும். அடங்கும் நேரத்தில் எந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருந்ததோ அதற்குப் பெயர் போய்விடும். மோசமாக இருக்கும்போதுதான் நாம் புதிய வைத்தியரைத் தேடிப் போகிறோம், அதற்கு மேல் இறங்க இடமில்லாததால் அடுத்து வருவது பெரும்பாலும் ஏற்றமாகவே இருக்கும். கூடவே பைரிடோஸ்டிக்மினும் ஓடிக்கொண்டிருந்தால் எதனால் குணம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

உங்களுக்கு நீங்களே ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராகப் பார்த்தபடி போனில் ஒரு படம். மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் அதோடு குறித்துக்கொள்ளுங்கள். தர்ப்பணத்துக்கு இரண்டு வாரம் முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

யாரிடம் போவது, எதைச் சொல்வது

ஆயுர்வேதப் பட்டமான பி.ஏ.எம்.எஸ். முடித்து, கண், காது, மூக்கு, தொண்டைக்கான சாலாக்கிய தந்திரத்தில் எம்.எஸ். படித்தவரைப் பார்ப்பது நல்லது. எர்ணாகுளம் மாவட்டம் கூத்தாட்டுக்குளத்தில் கண்ணுக்கென்றே ஆயுர்வேத மருத்துவமனை இருக்கிறது. நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் நரம்பியல் டாக்டரின் ஃபைலை முழுவதும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தச் சொல்பவரிடம் சிகிச்சை எடுக்காதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

திரும்பி வந்ததும், ஆயுர்வேதத்தில் என்னென்ன எடுத்தீர்கள் என்று நரம்பியல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து பலர் சொல்வதில்லை. ஈரல் பரிசோதனையில் மாற்றம் வந்தால் காரணம் தெரியாமல் அவர் தேவையான மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.

இருமலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ பக்கத்து கிளினிக்கில் காட்டினாலும் மயஸ்தீனியா இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சிப்ரோஃபிளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் தளர்ச்சியைக் கூட்டக்கூடியவை. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான். இந்தப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது.

பேச்சு மூக்கால் பேசுவதுபோல் மாறினால், சாப்பாட்டை மெல்லும்போது பாதியில் தாடை ஓய்ந்தால், தண்ணீர் மூக்கு வழியே வந்தால், படுத்தால் மூச்சு வாங்கினால், ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண முடியாமல் போனால் நோய் கண்ணைத் தாண்டி மூச்சுத் தசைகளை நோக்கிப் போகிறது என்று அர்த்தம். 108-ஐ அழைத்து, செயற்கை சுவாசக் கருவி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் நோயாளியால் பேசிப் புரியவைக்க முடியாமல் போகலாம்.